சுருட்டிய இலைக்குள் ஓடிய வண்டு

*வணக்கம். சம்பா நட்டு நாற்பது நாளாகிறது. சில இலைகள் நீளவாக்கில் மடிந்து வெளுத்துவிட்டன. ஒன்றைப் பிரித்தபோது சிவப்பும் கறுப்புமாக, எறும்பு மாதிரி ஒரு வண்டு ஓடியது. இலையைச் சுருட்டுவது இதுதானா? கடையில் சைபர்மெத்ரின் அடிக்கச் சொல்கிறார்கள்.*
*மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்*

அன்புள்ள நண்பருக்கு,

சுருட்டியது அந்த வண்டு இல்லை. சுருட்டியவனைத் தின்ன வந்தது அது. இலையை நூலால் இழுத்துக் கட்டி, உள்ளே இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டுவது இலைச்சுருட்டுப்புழு. நீங்கள் பார்த்தது அநேகமாக ஓபியோனியா. பெயருக்குத்தான் தரை வண்டு. நெல்லில் பயிர்மேல் ஏறி மடிப்பு மடிப்பாகப் புகுந்து தேடும். நாளைக்கு 3 முதல் 5 புழுக்கள் வரை தின்னும். தத்துப்பூச்சியையும் விடாது. இதன் குஞ்சுப்புழுவுக்கும் அதே தொழில்தான். அது பளபளக்கும் கறுப்பு. இலைச்சுருட்டுப்புழு பச்சை, தொட்டால் துள்ளும். மாற்றி நசுக்கிவிடாதீர்கள்.

இதே நிறத்தில் பீடரஸ் என்ற இன்னொரு வண்டும் வயலில் திரியும். ஓபியோனியாவின் மேற்சிறகு வயிற்றை ஏறக்குறைய முழுதாக மூடியிருக்கும். பீடரஸுக்குப் பாதிச் சட்டைதான், வயிறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் பூச்சி தின்னிதான். ஆனால் உடம்பில் வைத்து நசுக்கினால் தோல் கொப்பளித்துவிடும், ஊதித் தள்ளிவிடுங்கள்.

சைபர்மெத்ரின் வேண்டவே வேண்டாம். அந்த வகை மருந்துகள் இந்த வண்டையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும். அடித்த சில வாரத்தில், தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகிவிடக்கூடும். பிறகு அதற்கொரு மருந்து.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஓரத்தை விட்டு உள்ளே இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது குத்துகளில் (நட்ட நாற்றுக் கொத்துகளில்) மொத்த இலை எத்தனை, சேதமான இலை எத்தனை என்று குறியுங்கள். தூர்கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பின்னால் கண்ணாடி இலை, அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலை, வந்ததும் அந்தக் கணக்கு ஐந்தாகக் குறையும், மணிக்குப் பால் கட்டுவதில் பெரும்பங்கு அந்த இலைக்குத்தான். மடிப்பைப் பிரித்தும் பாருங்கள்: எச்சம் மட்டும் இருந்து புழு இல்லையென்றால் அது பழைய சேதம், இனி அடிப்பது வீண்செலவு.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டியிருந்தால் இலை கரும்பச்சையாகி, இலைச்சுருட்டுப்புழுவின் தாயான அந்துப்பூச்சியை அழைக்கும். அடுத்த தவணையைப் பிரித்துப் போடுங்கள்.

வரப்பையும் கவனியுங்கள். நீர் நிற்கும் வயலில் ஓபியோனியா கூட்டுப்புழுவாகக் கிடப்பது வரப்பு மண்ணில்தான். அண்டை வெட்டுவதை (வரப்பின் ஓரத்தைச் செதுக்குவதை) நடவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்; நடுப்பருவத்தில் வரப்புக்குக் களைக்கொல்லியோ தீயோ கூடாது. புல் உயர்ந்தால் அரிவாளால் மேலாக அறுத்தால் போதும்.