கூப்பிட்டால் திரும்புவதில்லையே!

குழந்தை வளர்ச்சி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

என் மகனுக்கு 20 மாதம். தடுப்பூசி போடப் போன இடத்தில் 20 கேள்விகள் உள்ள படிவத்தைக் கொடுத்து ஆம், இல்லை என்று டிக் அடிக்கச் சொன்னார்கள். 5 மதிப்பெண் வந்திருக்கிறதாம், மறுபடி வரச் சொல்கிறார்கள். ஆட்டிசமாக இருக்குமோ என்று தூக்கமே இல்லை. மாமியாரோ, "அவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார்.
— வாசகி, திண்டுக்கல்

அந்த 5-ஐ வைத்து ஆட்டிசம் என்று யாராலும் சொல்ல முடியாதம்மா. உங்களுக்குத் தந்தது, ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று முதலில் வடிகட்டிப் பார்க்கும் எம்-சாட்-ஆர் படிவமாக இருக்கும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. 2 வரை வந்தால் இப்போதைக்குக் கவலையில்லை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவில் 3 முதல் 7 வரை வந்தால், கவலைக்குரிய பதில் வந்த கேள்விகளை மட்டும் எடுத்து உதாரணத்தோடு விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் அடுத்த கட்டம். உங்களைக் கூப்பிடுவது இந்த விசாரணைக்குத்தான். அவசியம் போங்கள்.

படிவம் நிரப்புவதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் சில உண்டு. 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் "ஆம்" என்பதுதான் கவலைக்குரிய பதில். மற்றவற்றுக்கு "இல்லை". வரிசையாக ஆம், ஆம் என்று டிக் அடித்துக்கொண்டே போனால் இந்த மூன்றும் தப்பாகிவிடும்.

அடுத்தது, விரலால் காட்டுவது. "தண்ணி வேணும்னா காட்டுவானே" என்பார்கள். விசாரித்தால், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைக்கிறான் என்று தெரியவரும். அது விரலால் காட்டுவது ஆகாது. வேண்டியதைக் கேட்க மட்டுமில்லாமல், "அதோ காக்கா, நீயும் பார்" என்பதுபோல ஆட்காட்டி விரலை நீட்டி, உடனே உங்கள் முகத்தையும் திரும்பிப் பார்க்கிறானா? இதைத்தான் நாங்கள் தேடுகிறோம். பேச்சு தாமதமானாலும் இப்படிக் காட்டி, சைகையிலேயே சங்கதி சொல்கிற குழந்தை வேறு. பேச்சும் இல்லை, காட்டுவதும் இல்லை என்றால் அப்பாவின் கதையைச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவன் விளையாடும்போது பின்னால் நின்று, கை தட்டாமல், பிஸ்கட் கவரைச் சரசரக்காமல், வழக்கமான குரலில் பெயரை மட்டும் சொல்லுங்கள். திரும்புகிறானா என்று பாருங்கள். ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். பசி, தூக்கம் இல்லாத வேளையாக நாலைந்து நாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை மிரண்டு போய் எதையுமே செய்யாது.

கவர் சத்தத்துக்குத் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்கும் குறைபாடும் உண்டு. காது பரிசோதனையை எப்படியும் செய்துவிடுங்கள்.

எங்கள் பேத்தி 32 வாரத்திலேயே பிறந்தவள். இப்போது 3 மாதம் முடிந்துவிட்டது. முகம் பார்த்துச் சிரிக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். இந்த வயதில் மனநலப் பரிசோதனை என்கிறார்களே, அப்படி என்ன பார்ப்பார்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள் ஐயா. 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னால் பிறந்தவள். அந்த 8 வாரத்தைக் கழித்தால் அவளுக்கு இப்போது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். முகம் பார்த்துச் சிரிப்பது பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் வருவது. அவள் பின்தங்கவே இல்லை. 2 வயது வரை எல்லா வளர்ச்சிப் பரிசோதனையிலும் இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும். படிவம் நிரப்புகிறவரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

கைக்குழந்தையிடம் பார்ப்பது இவைதான்: தூக்கினால் அழுகை அடங்குகிறதா, முகத்தோடு முகம் வைத்துப் பேசினால் கண் நிலைக்கிறதா, பால் குடிப்பதும் தூங்குவதும் எப்படி. குழந்தையின் உணர்ச்சிகளையும் பழகும் விதத்தையும் பார்க்கும் ஏ.எஸ்.க்யூ-எஸ்.இ-2 என்ற படிவம் ஒரு மாதக் குழந்தையிலிருந்தே பயன்படுகிறது. அதில் மதிப்பெண் கூடக் கூடத்தான் கவலை. பள்ளிக்கூட மார்க் போல நினைத்து மகிழ்ந்துவிடக் கூடாது.

உங்கள் மகளையோ மருமகளையோ சேர்த்துக் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பின் தாய் சோர்ந்து, எதிலும் பிடிப்பின்றி இருந்தால் குழந்தையின் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு கிடைக்காது. அதனால் தாய்க்கும் எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகளைக் கேட்பது வழக்கம். கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "எப்போதாவது" என்று பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இரண்டரை வயது மகள் கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறாள், தம்பியைக் கடிக்கிறாள். காட்ட வேண்டுமா? தனியாரிடம் போக வசதியில்லை.
— வாசகி, விழுப்புரம்

இந்த வயதில் அடம் சகஜம். அழுது முடித்து மடியில் வந்து ஒட்டிக்கொள்கிறாளா, மற்ற நேரத்தில் சிரித்து விளையாடுகிறாளா? அப்படியானால் பொறுத்திருக்கலாம். தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, வீட்டிலும் பால்வாடியிலும் ஒரே மாதிரி நடப்பது என்றால் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனால், எந்த வயதானாலும், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

செலவு பற்றிப் பயம் வேண்டாம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அந்தத் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது டி.இ.ஐ.சி.க்கு நேரிலேயே போகலாம். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, வீட்டில் பார்த்ததை நீங்கள் குறித்து வைத்த தாள் மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள்.