சிலுவையில் அறையப்பட்டவர்கள் நாள்கணக்கில் உயிரோடு இருப்பார்கள் என்கிறார்களே, இயேசு மட்டும் ஆறு மணி நேரத்தில் இறந்தது எப்படி? வெறும் மயக்கமாக இருந்திருக்குமா?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு முன்பே, இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்த ரோம ஆளுநர் பிலாத்துவுக்கு வந்துவிட்டது. அரிமத்தியா ஊர் யோசேப்பு வந்து உடலைக் கேட்டபோது, அதற்குள்ளாகவா இறந்துவிட்டார் என்று அவன் ஆச்சரியப்பட்டான் என்கிறது மாற்கு சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரம். ஆச்சரியப்பட்டதோடு விடவில்லை. தண்டனையை நிறைவேற்றிய நூற்றுக்கு அதிபதியை (நூறு சேவகர்களுக்குத் தலைவனான ரோம அதிகாரி) கூப்பிட்டு, இறந்தது உண்மைதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உடலைக் கொடுத்தான். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன் அவன். சிலுவைத் தண்டனை அவனுக்குப் புதிதல்ல. அவனுக்கே அது சீக்கிரமாகத் தோன்றியிருக்கிறது என்றால் உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான்.

முதலில் அந்த ஆறு மணி நேரம். மாற்கு சொல்வதன்படி மூன்றாம் மணி வேளையில், அதாவது காலை ஒன்பது மணி வாக்கில், சிலுவையில் அறைந்தார்கள். ஒன்பதாம் மணி வேளையில், பிற்பகல் மூன்று மணிக்கு, உயிர் போனது. யோவானோ ஆறாம் மணி வேளையில்கூட, அதாவது நண்பகல் வாக்கில்கூட, விசாரணை பிலாத்துவின் முன்னால் நடந்துகொண்டிருந்ததாக எழுதுகிறார். அவர் கணக்குப்படி பார்த்தால் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள். வெயிலைப் பார்த்து நேரம் சொன்ன காலம் என்பதால் நான் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரே பகலில் முடிந்துவிட்டது.

நாள்கணக்கு என்பது பொய்யல்ல, ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ரோமர்களுக்குச் சிலுவை என்பது மெதுவாகக் கொல்லும் கருவி மட்டுமல்ல, ஊருக்கு வைத்த எச்சரிக்கைப் பலகையும்கூட. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் ஒடுங்கியபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக 6,000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். அப்படித் தொங்கவிட்டவர்களைப் பொதுவாக இறக்கிப் புதைப்பதும் கிடையாது. காக்கைக்கும் நாய்க்கும் விட்டுவிடுவார்கள். யூதேயாவில் அது அப்படியே செல்லவில்லை. மரத்தில் தூக்கப்பட்டவனின் உடல் இரவெல்லாம் அங்கே இருக்கக்கூடாது என்பது உபாகமம் 21இல் உள்ள சட்டம். சிலுவையில் இறந்தவர்களைக்கூடப் பொழுது சாய்வதற்குள் இறக்கி அடக்கம் செய்வது யூதர்களின் வழக்கம் என்று அதே நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். (உடலைக் கேட்டு வந்த யோசேப்பு வேறு, இவர் வேறு. இவரை ஜோசபஸ் என்றே சொல்கிறேன், குழப்பம் வேண்டாம்.)

அதுவும் அன்று வெள்ளிக்கிழமை, பஸ்கா பண்டிகை நேரம், சூரியன் மறைந்தால் ஓய்வுநாள். அதனால்தான் கால்களை முறித்துச் சீக்கிரம் முடித்துவிடும்படி யூதத் தலைவர்கள் பிலாத்துவிடம் கேட்டார்கள் என்கிறார் யோவான். போர்ச்சேவகர்கள் வந்து கூட இருந்த இரண்டு பேரின் கால்களையும் முறித்தார்கள். இயேசுவிடம் வந்தபோது அவர் ஏற்கெனவே இறந்திருந்தார்.

இங்கேதான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்பார்ட்டகஸின் ஆட்களோடு ஒப்பிடுவதைவிட, அதே மலையில், அதே நாளில் தொங்கிய அந்த இரண்டு பேரோடு ஒப்பிடலாம். அவர்கள் உயிரோடு இருந்தார்கள், இவர் இல்லை. ஏன்?

என் பதில், சிலுவைக்குப் போகும் முன்பே அவர் பாதி செத்திருந்தார் என்பதுதான். முந்தின இரவு முழுவதும் தூக்கம் இல்லை. கெத்செமனேயில் பிடித்து, பிரதான ஆசாரியன் வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணைக் கட்டி அறைந்து, விடிந்ததும் பிலாத்துவிடம். லூக்கா சொல்வதன்படி நடுவில் ஏரோதிடமும் ஒரு நடை. அப்புறம் வாரினால் அடி.

அந்த அடியைச் சுவிசேஷங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகின்றன. ரோமர்களின் சாட்டை தோல்வார்களால் ஆனது. வார்களில் எலும்புத் துண்டோ ஈயமோ கோத்திருப்பதும் உண்டு. நம் ஊர்ப் பிரசங்கங்களில் 39 அடி என்று எண்ணிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் இயேசுவின் பாடுகளில் எங்கும் இல்லை. ஒன்று குறைய நாற்பது என்பது யூதச் சட்டத்தின் வரம்பு. ஐந்து தடவை அப்படி வாங்கியதாக அப்போஸ்தலன் பவுல் தன்னைப் பற்றிச் சொல்கிறார். இயேசுவை அடித்தது ரோமப் போர்ச்சேவகர்கள். அந்த வரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது.

அந்த அடி எப்படி இருக்கும் என்பதற்கு ஜோசபஸ் ஒரு ஆளைக் காட்டுகிறார். அவர் பெயரும் இயேசுதான், அனனியாவின் மகன். எருசலேமுக்குக் கேடு வருகிறது என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு திரிந்த பட்டிக்காட்டு விவசாயி. கி.பி. 62 வாக்கில் அவரை ஆளுநர் அல்பினஸ் முன்னால் நிறுத்தி, எலும்பு தெரியும் வரை சாட்டையால் அடித்தார்கள். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். அவர் பிழைத்து, பல ஆண்டுகள் கழித்து முற்றுகையில் எறியப்பட்ட கல் பட்டுத்தான் செத்தார். அதாவது ரோமச் சாட்டையடியை வாங்கியும் ஒருவன் எழுந்து நடக்கலாம். ஆனால் அதே உடம்போடு அதே காலையில் சிலுவை சுமந்து, ஆணி அடி வாங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்?

தாங்கவில்லை என்பதற்கு வழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சிரேனே ஊரானாகிய சீமோன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். ரோமச் சேவகர்களுக்குக் கைதிமேல் திடீர் இரக்கம் வந்திருக்காது. கொலைக்களம் வரை போய்ச்சேர மாட்டார் என்று பயந்திருப்பார்கள். சிலுவைப் பாதையில் மூன்று தடவை விழுந்ததாக நாம் தியானிக்கிறோமே, அது சுவிசேஷத்தில் இல்லை. பிற்கால பக்தி மரபு. ஆனால் சீமோன் மூன்று சுவிசேஷங்களில் இருக்கிறார். மாற்கு அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் சொல்கிறார்: அலெக்சந்தர், ரூப்பு. படிப்பவர்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்கும் என்கிற தோரணையில்.

அந்த இரண்டு பேருக்கும் இதேபோல் சாட்டையடி விழுந்ததா என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. அதனால் என் பதிலை ஒரு ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பலமான ஊகம்.

மருத்துவக் காரணம்? நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரசங்கிப்பார்கள். "தாகமாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வார்த்தை பெரும்பாலும் சபையில் உள்ள டாக்டருக்குப் போகும். ரத்த இழப்பு, நீரிழப்பு, மூச்சுத்திணறல் என்று நல்ல வெயிலில் ஒரு மருத்துவ வகுப்பே நடக்கும். அதில் நாம் அதிகம் கேட்ட விளக்கம், மூச்சுவிட முடியாமல் இறந்தார் என்பது. பியேர் பார்பே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 20ஆம் நூற்றாண்டில் பரப்பிய கருத்து அது: கை விரிந்து தொங்கும்போது மூச்சை வெளியேவிட முடியாது, காலை ஊன்றி எழும்பினால்தான் முடியும், கால் முறிந்தால் கதை முடிந்தது. கேட்க நன்றாகப் பொருந்துகிறது. பிறகு ஃபிரடெரிக் சூகிபி என்ற அமெரிக்கத் தடயவியல் மருத்துவர் தன்னார்வலர்களைச் சிலுவையில் பட்டைகளால் கட்டிப் பார்த்தார். தோளும் காலும் வலித்ததே தவிர மூச்சுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அடியும் ரத்த இழப்பும் சேர்ந்த அதிர்ச்சி நிலைதான் காரணம் என்பது அவர் முடிவு. 1986இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை இரண்டையும் சேர்த்துச் சொன்னது.

நான் சூகிபி பக்கம்தான் சாய்வேன். இயேசு உரத்த சத்தமிட்டு உயிரைவிட்டார் என்று மாற்கு எழுதுகிறார். மூச்சுத் திணறிச் சாகிறவனால் உரக்கக் கத்த முடியுமா? ஆனால் உறுதியாக யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் தோண்டி எடுத்த ஆதாரம் அவ்வளவு குறைவு. எருசலேமுக்கு வடக்கே 1968இல் ஒரு கல்லறையில் யெகோகனான் என்பவரின் எலும்புப் பெட்டி கிடைத்தது. குதிகால் எலும்பில் 11.5 சென்டிமீட்டர் ஆணி அப்படியே இருந்தது, நுனி மடங்கிப்போய். அதனால்தான் பிடுங்க முடியவில்லை போலும். கால் எலும்புகளை உயிரோடு இருக்கும்போதே முறித்ததாக முதலில் சொன்னார்கள். 1985இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் அதற்குச் சான்று இல்லை என்றார்கள். ஒரே ஒரு குதிகாலை வைத்துக்கொண்டே இத்தனை தகராறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் இவ்வளவு ரத்தத்தையும் ஆணியையும் பேசுகிறோம், ஆனால் நான்கு சுவிசேஷங்களிலும் பாடுகளை விவரிக்கும் பகுதியில் ஆணி என்ற சொல்லே கிடையாது. "சிலுவையில் அறைந்தார்கள்", அவ்வளவுதான். ஆணி வருவது பிற்பாடு, உயிர்த்தெழுந்த பிறகு தோமா சந்தேகப்படும் இடத்தில். மாறாக எதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: துணிக்குச் சீட்டுப்போட்டது, தலைக்குமேல் எழுதி வைத்தது, போகிற வருகிறவர்கள் தலையை ஆட்டிக் கிண்டல் செய்தது. அன்றைய வாசகர்களுக்கு வலியை விளக்கத் தேவையில்லை, பார்த்திருப்பார்கள். சொல்ல வேண்டியிருந்தது அவமானத்தைத்தான். சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழக்கூடாது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ பேசியிருக்கிறார். ரோமில் பாலட்டைன் குன்றில் கிடைத்த பழைய சுவர்க்கிறுக்கல் ஒன்றில், சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு உருவம், கீழே ஒருவன் கை தூக்கி நிற்கிறான்: "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்". யாரோ ஒரு கிறிஸ்தவனைக் கலாய்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சிலுவையில் செத்தவரைக் கும்பிடுவது எவ்வளவு கேவலமாகத் தெரிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வலியைவிட எனக்கு உறைப்பதும் இயேசு சிலுவையில் கதறிய "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி" தான்: என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்? 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நின்றவர்களுக்கு அதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை. எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்றார்கள்.

சரி, மயக்கமா என்ற இரண்டாவது கேள்வி. இஸ்லாமிய நம்பிக்கைப்படி அவர் சிலுவையில் கொல்லப்படவே இல்லை; அது குர்ஆனின் நிலைப்பாடு, அதை இங்கே விவாதிக்கவில்லை. சிலுவையில் ஏற்றினார்கள், மயங்கினார், கல்லறையின் குளிர்ச்சியில் தெளிந்தார் என்பது வேறு வாதம். இறக்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டா? உண்டு. எருசலேம் விழுந்த கி.பி. 70 வாக்கில் தனக்குத் தெரிந்த மூன்று பேர் சிலுவையில் தொங்குவதைப் பார்த்த ஜோசபஸ், அழுதுகொண்டே தளபதி டைட்டஸிடம் போய்ச் சொன்னார். உடனே இறக்கி நல்ல சிகிச்சை கொடுக்கச் சொன்னான் டைட்டஸ். இரண்டு பேர் வைத்தியர் கையிலேயே இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். இது உயிரோடு இறக்கி, வைத்தியமும் பார்த்த பிறகு வந்த கணக்கு. இயேசுவை இறக்கியபோது சிகிச்சை கிடையாது. விலாவில் ஈட்டியால் குத்திப் பார்த்தபோது ரத்தமும் தண்ணீரும் வந்தது என்கிறார் யோவான். பிணமா இல்லையா என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த நூற்றுக்கு அதிபதி, ஆம் இறந்துவிட்டார் என்று ஆளுநரிடம் சொன்னான். அவன் சொல்லை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.