பெட்டிமேல் இருக்கும் படமும் பெட்டிக்குள் இருக்கும் கட்டடமும்

ரயில் பாதை டயோரமாவுக்கு, அதாவது சிறு மாதிரிக் காட்சிக்கு, கட்டடம் வாங்குவது, கட்டுவது, அதைப் பழசாக்கிக் காட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல், சின்னதாக ஒரு டயோரமா செய்கிறேன். ஒற்றைத் தண்டவாளம், அதன் ஓரத்தில் வெயிலும் மழையும் தின்ற பழைய மரக் கிடங்கு. கிடங்கு, பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கிட்டாக மூன்று விதத்தில் கிடைக்கிறது: பிளாஸ்டிக் கிட், லேசரில் வெட்டிய மர கிட், கட்டைகளையும் பலகைகளையும் நாமே வெட்டிச் சேர்க்கும் கைவினை கிட். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் கட்டடத்துக்கு எதை வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு வேண்டியது பழைய மரம். அதனால் லேசர் மர கிட்டை வாங்குங்கள். பிளாஸ்டிக்கை மரம்போலக் காட்ட முடியும், ஆனால் நிறத்தின் ஒவ்வொரு படியையும் உங்கள் பிரஷ்தான் கொண்டுவர வேண்டும். உண்மையான மரம் மை நீரைத் தானாகக் குடித்து, ஓரிடத்தில் கருத்து, ஓரிடத்தில் வெளுத்து நிற்கும். பாதி வேலையை மரமே செய்துவிடும். இந்தக் கிட்களில் பெரும்பாலும் பாஸ்வுட் என்ற மென்மையான மரம் வரும். ரேகை மிக நுண்ணியது என்பதால் சின்ன அளவிலும் உறுத்தாது.

செங்கல் கட்டடம் என்றால் என் பதில் மாறிவிடும். அதற்குப் பிளாஸ்டிக் போதும். காரைக் கோடுகளில் வெளிர்நிறக் கலவையைத் தேய்த்துத் துடைத்தாலே அழகாக வரும். பிளாஸ்டரில் வார்த்த சுவர் இன்னும் அழகு, நிறத்தை உறிஞ்சிச் செங்கலுக்குச் செங்கல் வேறுபாடு காட்டும். ஆனால் மூலை உடையும், கனமும் அதிகம். எதை வாங்குவது என்று யோசிக்கும்போது விலைக்கு முன்னால் பொருளைப் பாருங்கள். மேலே ஏற்றப்போகும் பழமை அந்தப் பொருளில் எப்படி உட்காரும் என்பதை வைத்தே நான் தேர்ந்தெடுப்பேன்.

லேசர் கிட்டில் வெட்டிய விளிம்பெல்லாம் கருகிய பழுப்பாக இருக்கும். கண்ணில் படும் விளிம்புகளை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். கைவினை கிட்டை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் வருவது கட்டைக் கட்டு, உலோக வார்ப்புகள், முழு அளவில் அச்சிட்ட வரைபடம். கட்டட வடிவம் உங்கள் கையில்தான் உருவாக வேண்டும். எந்த கிட் ஆனாலும் வாங்குமுன் அதன் செய்முறைக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் அதை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். படித்ததும் கை துறுதுறுத்தால் வாங்கலாம்.

கேள்வி: பெட்டியில் எச்.ஓ. என்று போட்டிருந்த ஸ்டேஷன் கட்டடம் வாங்கினேன். பக்கத்தில் எச்.ஓ. மனிதப் பொம்மையை நிறுத்தினால் தலை கிட்டத்தட்ட கதவின் நிலையில் இடிக்கிறது. பொம்மை தவறா, கட்டடம் தவறா?

பதில்: பெரும்பாலும் கட்டடம்தான். எச்.ஓ. என்றால் 1:87. 2.1 மீட்டர் கதவு அதில் 24 மி.மீ. வரவேண்டும். ஆறடி மனிதன் 21 மி.மீ. இருப்பான். உங்கள் கதவை அளந்து பாருங்கள். 21 மி.மீ. இருந்தால் கட்டடம் 1:100 அளவில் இருக்கிறது என்று பொருள். ஐரோப்பாவின் பழைய பிளாஸ்டிக் கிட்கள் பலவற்றில் இப்படிச் சுருக்கியிருப்பார்கள். மேசை மேல் இடம் குறைவு, உண்மை அளவில் ஒரு ஸ்டேஷன் வைத்தால் பாதி மேசையை அதுவே எடுத்துக்கொள்ளும் என்பதே காரணம். பின்னணியில் தள்ளி வைத்தால் இந்தச் சிறுமை தூரமாகத் தெரிந்து நமக்கு உதவியும் செய்யும். ஆனால் முன்வரிசையில் மனிதர்களோடு வைக்க அது ஆகாது.

எழுத்து ஒன்றுபோல இருந்தாலும் அளவு மாறும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பிரிட்டனின் ஓ.ஓ. ரயில் ஓடுவதும் எச்.ஓ.வின் அதே 16.5 மி.மீ. பாதையில்தான், ஆனால் அதன் அளவு 1:76. ‘என்’ என்பது பொதுவாக 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. ‘ஓ’ அமெரிக்காவில் 1:48, பிரிட்டனில் 1:43.5, ஐரோப்பாவின் மற்ற இடங்களில் பெரும்பாலும் 1:45. அதனால் எழுத்தை நம்பாமல் விகித எண்ணைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கதவின் உயரத்தைக் கேளுங்கள். கதவளவைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

கிடங்கு வாங்குபவர்கள் கவனிக்க இன்னொன்று. சரக்கு ஏற்றும் மேடை, வேகனின் தள உயரத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். அமெரிக்க மூடிய வேகனின் தளம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரம். 1:87-ல் அது 12, 13 மி.மீ. ஆகும். ஆனால் கட்டடத்தை வைப்பது பலகைமேல், வேகன் நிற்பது கார்க் படுகைமேல். கார்க் சுமார் 5 மி.மீ., ஸ்லீப்பரும் தண்டவாளமும் சேர்ந்து இன்னும் 4, 5 மி.மீ. இதைக் கணக்கில் எடுக்காமல் வைத்தால் மேடை பள்ளத்தில் கிடக்கும். கட்டடத்துக்கு அடியில் அட்டை கொடுத்து உயர்த்தினால் சரியாகிவிடும், ஆனால் சுற்றியுள்ள தரையையும் அதற்கேற்ப மேலேற்ற வேண்டும். கிட்டின் நீள அகலத்தில் காகிதம் வெட்டி இடத்தில் வைத்து, உங்களிடம் உள்ள மிக நீளமான ரயில் பெட்டியைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதை வளையும் இடமென்றால் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் துருத்தும்.

கேள்வி: பெட்டிப் படத்தில் பீப்பாய்கள், மரப்பெட்டிகள், விளம்பரப் பலகை, கூரைமேல் ஏணி, ஜன்னலில் விளக்கு எல்லாம் இருந்தன. பிரித்தால் சுவரும் கூரையும் மட்டும் இருக்கின்றன. இது ஏமாற்று இல்லையா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. முதலில் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். ‘உள்ளடக்கம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அல்லது ‘படத்தில் உள்ள பொம்மைகளும் காட்சிப் பொருள்களும் சேராது’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படி எழுதியிருந்தால் கேட்டுப் பெரிய பலன் இருக்காது. எழுதவே இல்லை, விற்பனைப் பக்கத்திலும் சொல்லவில்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள். படத்தையும் வந்த பொருளையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பட்டியலில் உள்ள பாகம் காணவில்லை என்றால் அது வேறு விஷயம். பாக எண்ணைக் குறிப்பிட்டு நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். கிட் தொழில் பல இடங்களில் இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறுதொழில். விடுபட்டதை அனுப்பிவைக்கும் நல்ல வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. ஆனால் நீங்கள் எதையும் வெட்டியிருக்கக் கூடாது. பெட்டி வந்த அன்றே எண்ணிவிடுங்கள், பைகளின் முத்திரையைப் பிரிக்குமுன் வெளியிலிருந்தே எண்ண முடிந்தவரை எண்ணுங்கள்.

பழைய கிட்டை இன்னொருவரிடம் வாங்கும்போது முத்திரை உடையாத பெட்டியிலும் மூன்று பொருள் கெட்டிருக்கலாம். பின்பக்கம் பசை தடவிய கூரை ஓட்டுத் தாள் ஒட்டாது, டீக்கல் எனும் நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படம் மஞ்சளித்து நொறுங்கும், ரப்பர் பொருள் பிசுபிசுக்கும். மரமும் வார்ப்பும் பொதுவாக நன்றாகவே இருக்கும். பழைய வெள்ளை உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கக்கூடும். அரம் போட்ட பிறகு கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். உற்பத்தி நின்றுபோன கிட் வியக்கத்தக்க அளவு மலிவாக வந்தால் அது இன்னொருவர் ரெசினில் எடுத்த திருட்டு நகலாக இருக்கலாம். ஆணித்தலை, கதவுக் கைப்பிடி போன்ற கூர்மையான இடங்கள் மழுங்கியிருக்கும், காற்றுக் குமிழிகள் தெரியும்.

கேள்வி: வெதரிங் செய்ய, அதாவது கட்டடத்தைப் பழசாக்கிக் காட்ட, பன்னிரண்டு பாட்டில் கொண்ட செட் ஒன்றும், பவுடர் செட் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் கிட்டின் விலையைத் தாண்டுகிறது. அவசியமா?

பதில்: இரண்டுமே வேண்டாம், இப்போதைக்கு. ஒரு மரக் கிடங்குக்கு வேண்டியவை: ஒரு பாட்டில் கறுப்பு இந்தியா இங்க், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுவர் நிறத்தில் ஓர் அக்ரிலிக் பெயின்ட், இரண்டு மூன்று மண்நிற பாஸ்டல் குச்சிகள், பளபளப்பில்லாத பூச்சுத் தரும் ஒரு மேட் ஸ்பிரே. பாஸ்டல் என்றால் ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான, எண்ணெய் கலக்காத வகை. அதைக் கத்தியால் சுரண்டினால் வருவதும் பவுடர்தான்.

அரை லிட்டர் ஆல்கஹாலில் இரண்டு தேக்கரண்டி இங்க் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சில் வெளிர்சாம்பல், இரண்டு மூன்று பூச்சில் பல வருடம் நின்ற மரத்தின் நிறம் வரும். இது தீப்பிடிக்கும் பொருள், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன்பே எல்லா மரத்துக்கும் இதைப் பூசிவிட வேண்டும். பசை பட்ட இடம் பிறகு நிறத்தைக் குடிக்காது, வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

என் முதல் கிடங்கின் சுவர்களுக்கு முன்பக்கம் மட்டும் பூசினேன். காலையில் நான்கு சுவரும் ஓலைபோல வளைந்து கிடந்தன. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பூசி, காய்ந்ததும் கனமான புத்தகத்தின் அடியில் வைக்கிறேன். பிறகு சுவரின் உட்பக்கம் சதுரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிடுகிறேன். பெரும்பாலான கிட்களில் இந்தத் தாங்கு கட்டை போதுமான அளவு வருவதில்லை. கூடுதலாக ஒரு கட்டு வாங்குங்கள், அந்தப் பணம் வீணாகாது.

பெயின்ட் உரிந்த தோற்றத்துக்கு எளிய வழி இருக்கிறது. இங்க் பூசிய மரத்தின்மேல் பெயின்ட்டைக் காய்ந்த பிரஷால் தொட்டுத் தொட்டு வையுங்கள். முழுதாகக் காயுமுன் ஒட்டுநாடாவை அழுத்தி, சட்டென்று இழுங்கள். பெயின்ட் பிசிறு பிசிறாக வந்துவிடும். அடியில் சாம்பல் மரம் தெரியும்.

எங்கே உரிய வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. இதை எந்த பாட்டிலும் சொல்லித்தராது. ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கூரை நீட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் பத்திரமாக இருக்கும், மழை அங்கே படாது. தரையை ஒட்டிய பகுதி மண் தெறித்து நிறம் மாறியிருக்கும், பலகையின் கீழ்முனை அழுகியிருக்கும். ஜன்னல் விளிம்பின் இரு முனையிலிருந்தும் கறை நேர்கீழாக ஓடும். ஆணி இருக்கும் இடத்திலிருந்து துரு இழையும். கதவில் கை படும் இடம் மட்டும் கருத்திருக்கும். நீராவி எஞ்சின் நிற்கும் இடமென்றால் பாதைப் பக்கத்துக் கூரையில் புகைக்கரி அடர்ந்திருக்கும், மறுபக்கம் குறைந்திருக்கும். ஒவ்வொரு கறைக்கும் அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத கறையைத் துடைத்துவிடுங்கள். நான்கு சுவரையும் ஒரே அளவு அழுக்காக்கிய கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவு உழைப்பும் அங்கே மறைந்துபோகிறது.

பவுடரைக் கடைசியில் போடுங்கள். மேட் ஸ்பிரே அடித்தால் பவுடரின் நிறம் பாதி மங்கிவிடும். அதனால் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, தொலைவிலிருந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். இன்னொன்று: மேட் ஸ்பிரே அடித்த இடத்தில் ஆல்கஹால் கலவை பட்டால் வெளேரென்று பூத்துவிடும். வெயிலில் வெளுத்த மரத்துக்கு அதையே வேண்டுமென்று செய்பவர்கள் உண்டு. வேண்டாமென்றால் இன்னொரு மெல்லிய ஸ்பிரே பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். மேலே சொன்ன எதற்கும் அது தேவைப்படவில்லை. பத்துப் பதினைந்து வேகன்களுக்கு ஒரேமாதிரி தூசி ஏற்ற வேண்டும் என்ற நிலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு நேரமில்லை. ஒருவர் கட்டி, வெதரிங் முடித்த கிடங்கை விற்கிறார். போட்டோவில் அருமையாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். நல்ல கைவேலைக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. ஆனால் கூடுதலாகச் சில போட்டோக்கள் கேளுங்கள். நான்கு மூலைகளும் அருகிலிருந்து: இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா? ஜன்னல்கள் அருகிலிருந்து: சூப்பர் குளூவின் ஆவி பட்டிருந்தால் ஜன்னல் தாளில் வெள்ளைப் படலம் இருக்கும், அப்புறம் அதை எடுப்பது மிகக் கடினம். கட்டடத்தைக் கவிழ்த்து உட்புறம்: தாங்கு கட்டை இருக்கிறதா? கூரை கழற்றும்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பிறகு விளக்கு வைக்க நினைத்தால் உதவும். பவுடருக்கு மேல் ஸ்பிரே அடித்திருக்கிறாரா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்காவிட்டால் நீங்கள் தூக்கும் இடத்திலெல்லாம் விரல் பதியும்.

அனுப்பும் முறையை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். குமிழித் தாளால் கட்டடத்தைச் சுற்றினால் புகைபோக்கியும் ஏணியும் வரும் வழியிலேயே முறிந்துவிடும். அடிப்பலகையோடு சேர்த்துப் பெட்டியின் தரையில் திருகாணி போட்டு, கட்டடத்தை எதுவும் தொடாதபடி நிறுத்தி, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் மென்மையான பொருளை நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள்.