கட்டா போட்டி: நடுவரின் கண் எங்கே நிற்கிறது?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஷோட்டோகான் கராத்தே பயில்கிறாள். மாவட்டப் போட்டியில் ஹெயான் ஷோடான் கட்டாவை (தடுப்பு, குத்து அசைவுகளை எதிராளி இல்லாமல் குறித்த வரிசையில் செய்யும் பயிற்சியை) நல்ல வேகத்துடனும் பலத்த சத்தத்துடனும் செய்தும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பதில்: தாங்கள் பெருமையோடு குறிப்பிடும் அந்தச் சத்தமே அவளுக்குப் பாதகமாக அமைந்திருக்கலாம். காலைத் தரையில் ஓங்கி மிதிப்பது, சீருடையையோ மார்பையோ தட்டி ஒலி எழுப்புவது, மூச்சை வலிந்து இரைப்பது ஆகியவற்றை உலகக் கராத்தே சம்மேளன விதிகள் குறைகளாகவே கருதுகின்றன. கியாய் என்னும் முழக்கம் வேறு. இந்தக் கட்டாவில் அது மூன்றாவது மேல்தடுப்பிலும், நடுக்கோட்டில் திரும்பி வரும்போது மூன்றாவது குத்திலும் மட்டுமே எழ வேண்டும்.

வேகத்துக்கும் ஓர் அளவுண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்கள் அளித்த மதிப்பெண்களில் உயர்ந்த இரண்டும் தாழ்ந்த இரண்டும் நீக்கப்பட்டன. நுட்பத்துக்கு 70 விழுக்காடும், வலிமை, வேகம், சமநிலை மூன்றுக்கும் சேர்த்து 30 விழுக்காடும் தரப்பட்டன. அந்த முறை பின்னர் மாற்றப்பட்டாலும், நிலை, நகர்வு, மூச்சு, கிமே எனப்படும், அசைவு முடியும் கணத்தில் வலிமையைக் குவிக்கும் திறன் ஆகியவற்றையே நடுவர்கள் இன்றும் முதலில் கவனிக்கிறார்கள்.

மகளின் ஆட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். முதல் கியாய் முடிந்ததும் இடது காலைச் சுழற்றி முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். சிறுவர்கள் பெரும்பாலும் அந்தக் காலைப் போதிய அகலத்துக்குக் கொண்டுபோவதில்லை. இரு பாதங்களும் ஒரே கோட்டில் விழுந்துவிடுவதால் இடுப்பு முழுதாகத் திரும்பாமல் உடல் ஒரு கணம் தள்ளாடும். கை எவ்வளவு அழகாக இறங்கினாலும் அந்தத் தள்ளாட்டம் நடுவருக்குத் தப்பாது. ஓர் அடி எடுத்து வைக்கும்போது தலை ஏறி இறங்குவதும் அப்படியே.

கட்டாவின் பெயரைத் தவறாக அறிவித்தாலோ, வணங்க மறந்தாலோ தகுதி நீக்கமே நேரும். அவற்றை மாஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

வீட்டுத் தரையில் தோள் அகலத்துக்கு இரண்டு இணைகோடுகளைச் சாக்கட்டியால் வரையுங்கள். அந்தத் திருப்பத்தை மட்டும், கியாய் இல்லாமல், மெதுவாக இருபது முறை செய்யச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இடது பாதம் தனக்குரிய கோட்டின்மேல் இறங்குகிறதா என்று பாருங்கள்.