சவாஞான்: ஜுராவின் வெள்ளைத் திராட்சை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பிரான்சின் ஜுரா பகுதி வெள்ளை ஒயின் ஒன்று பரிசாக வந்தது. திறந்தால் அக்ரூட்டும் வெந்தயமும் கலந்தாற்போல் வாசனை. கெட்டுவிட்டதா?

பதில்: தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! புட்டி குட்டையாக, தோள் அகன்று, 62 சென்டிலிட்டர் என்று போட்டிருந்தால் அது வான் ஜோன், அதாவது 'மஞ்சள் ஒயின்'. சவாஞான் திராட்சையைத் தவிர வேறெதையும் அதில் சேர்க்கக் கூடாது.

பீப்பாயில் இருக்கும் ஒயின் மெல்ல ஆவியாகும். காற்றுப் பட்டால் காடியாகிவிடுமோ என்று மற்ற ஊர்களில் குறைந்ததை அவ்வப்போது நிரப்பிவிடுவார்கள். வான் ஜோன் செய்பவர்கள் நிரப்புவதே இல்லை. ஒயினின் மேல் ஈஸ்ட் பாலாடை போலப் படர்கிறது. காற்று மொத்தமாக ஒயினைத் தாக்காமல் காப்பது அந்த ஆடைதான். அறுவடைக்குப் பிந்தைய ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை முதிர வேண்டும், அதில் குறைந்தது 60 மாதங்கள் ஆடைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த நீண்ட காத்திருப்பில் சோட்டலான் என்ற சேர்மம் உருவாகிறது. வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதுவே. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கேள்வி: அதென்ன 62 சென்டிலிட்டர்?

பதில்: ஒரு லிட்டர் ஒயினில் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். அந்தப் புட்டிக்குக் கிளாவ்லான் என்று பெயர்.

கேள்வி: சவாஞான் ஒயின் எல்லாமே இப்படித்தானா? எனக்கு அந்த வாசனை ஒத்துவரவில்லை.

பதில்: இல்லை. பீப்பாயை நிரப்பிக்கொண்டே வளர்க்கும் வகையும் உண்டு. லேபிளில் 'உயே' என்று இருக்கும். எலுமிச்சையின் கூர்மை, நாக்கைச் சிலிர்க்க வைக்கும் புளிப்பு, அக்ரூட் வாசனையே கிடையாது. புதிதாக வருபவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வான் ஜோனை முதலில் குடித்து முகம் சுளித்து, இந்தத் திராட்சையையே ஒதுக்கிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பெயரைப் பார்த்தால் சொவிஞான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் உறவு போலத் தெரிகிறதே?

பதில்: உறவுதான். இரண்டுக்கும் இடையே பெற்றோர்–பிள்ளை உறவு இருப்பதை மரபணுச் சோதனை காட்டியது. திராமினர் என்பது சவாஞானின் இன்னொரு பெயர். கெவுர்ஸ்திராமினர் அதிலிருந்து பிறந்த, இளஞ்சிவப்புத் தோலும் மிகுந்த மணமும் கொண்ட திரிபு. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் சவாஞானையே ஹைடா என்கிறார்கள். அங்கே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் பயிராகிறது. ஆஸ்திரேலியாவில் பல தோட்டக்காரர்கள் ஸ்பெயினின் அல்பரீனோ என்று நம்பி வளர்த்த கொடிகள் சவாஞான் என்பது 2009இல் தெரியவந்தது.

கேள்வி: ஷாத்தோ ஷலோன் என்று போட்ட புட்டிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

பதில்: குன்றின் மேல் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர் அது. அந்தப் பெயரில் வான் ஜோன் மட்டுமே வரலாம். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைப் பார்வையிடும். பழம் தேறவில்லை என்றால் அந்த ஆண்டு அந்தப் பெயரில் ஒயினே கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார்கள். ஆறு வருடம் கழித்துக் கைக்கு வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுப்பது எளிய காரியமல்ல. அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும்.

கேள்வி: வான் ஜோனை எப்படிப் பரிமாறுவது? ஒரே நாளில் முடிக்க வேண்டுமா?

பதில்: அவசரமே இல்லை. சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். 14 முதல் 16 டிகிரி சரியாக இருக்கும். சில்லென்று குளிர்வித்தால் மணம் அடங்கிவிடும். ஜுராவின் கொம்தே பாலாடைக்கட்டி, மோரெல் காளான் சேர்த்த கோழி இரண்டும் இதற்கு நல்ல துணை. மிச்சத்தை மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். திறக்காத புட்டியோ தலைமுறைகளைக் கடக்கும்: 1774ஆம் ஆண்டு வான் ஜோன் ஒன்று 2018இல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது.