முதல் சுற்றில் ஆறாமிடம், முடிவில் தங்கம்

கேள்வி: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், ஆடவர் ஸ்லாலம் (நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும்) பனிச்சறுக்கின் முதல் சுற்றில் ஆறாவதாக வந்த பிரான்ஸ் வீரர் கிளமோன் நோயெலுக்குத் தங்கம் கிடைத்தது எப்படி?

பதில்: ஸ்லாலமில் இரண்டு சுற்றுகளின் நேரத்தையும் கூட்டியே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டாம் சுற்றுக்குக் கம்பங்களை இடம் மாற்றி நட்டு, முதல் சுற்றில் முன்னணியில் வந்த முப்பது பேரைத் தலைகீழ் வரிசையில் இறக்குவதால், முதலிடத்தில் இருப்பவர் மற்றவர்கள் சறுக்கிப் பள்ளம் விழுந்த தடத்தில் கடைசியாக இறங்க வேண்டியிருக்கிறது. நோயெலின் மொத்த நேரத்தை அவருக்குப் பின் இறங்கிய ஐவராலும் முந்த முடியவில்லை. முதல் சுற்றில் முதலிடம் பிடித்த ஆஸ்திரியாவின் யோஹான்னஸ் ஸ்ட்ரோல்ட்ஸ் 0.61 விநாடி பின்தங்கி வெள்ளி பெற்றார்.

வேகம் மட்டும் இதில் போதாது. கம்பத்தைக் கையாலும் முழங்காலுக்குக் கீழ் அணிந்த காப்பாலும் அடித்துச் சாய்த்தபடி விரையும்போது, ஒரு சறுக்குப் பலகையின் முனை கம்பத்தின் தவறான பக்கம் நுழைந்துவிட்டாலே தகுதி பறிபோகும்.

ஸ்ட்ரோல்ட்ஸின் வெள்ளியையும் குறைவாக மதிப்பிட முடியாது. முந்தைய ஆண்டு தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த அவர், 1988 கால்கரி ஒலிம்பிக்கில் தம் தந்தை ஹூபர்ட் தங்கம் வென்ற அதே கம்பைண்ட் (வேகச் சறுக்கும் ஸ்லாலமும் சேர்ந்த) பிரிவில், பெய்ஜிங்கில் தாமும் தங்கம் வென்றார்.