ஆமைக் காருக்கு அலங்காரம்: வாசகர் கேள்வி – பதில்

காற்றினால் குளிரூட்டப்படும் எஞ்சின் கொண்ட பழைய கார்களைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிறைத்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை, எங்கள் வீட்டில் ஆமைக் கார் என்று அழைக்கப்பட்ட வொக்ஸ்வாகன் பீட்டிலைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 1963ஆம் ஆண்டு பீட்டில் ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தைத் தாழ்த்தி, பம்பர்களைக் கழற்றி, குரோம் பட்டிகளையும் எடுத்துவிட்டுக் ‘கலிபோர்னியா பாணி’யில் மாற்ற வேண்டும் என்று என் மகன் பிடிவாதமாக நிற்கிறான். இது என்ன பாணி? சம்மதிக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகனை விட அந்தப் பாணிக்கு வயது அதிகம். 1960களின் பிற்பகுதியில் தென் கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் கவுண்டிப் பகுதியில், வார நாட்களில் வேலைக்கு ஓட்டிச் சென்ற அதே பீட்டிலை வார இறுதியில் கால் மைல் நேர்ப் பாதைப் பந்தயத்துக்குக் கொண்டு சென்ற இளைஞர்கள் செய்துகொண்ட மாற்றங்கள்தான் பின்னர் ஒரு பாணியாகின. எடை குறையட்டும் என்று பம்பரைக் கழற்றி, அந்த இடத்தில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தினார்கள், முன்பக்கத்தைத் தாழ்த்தினார்கள், உடலின் வளைவு தடையில்லாமல் தெரியட்டும் என்று பட்டிகளை எடுத்துத் துளைகளை அடைத்து, ஒரே நிறத்தைப் பூசினார்கள். 1975 பெப்ரவரியில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை அட்டையிலேயே அதற்குப் பெயர் சூட்டிய பிறகு, பந்தயத்துக்கே போகாதவர்களும் அந்தத் தோற்றத்தை விரும்பத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீட்டிலுக்கான அலங்கார, வேகப் பாகங்களின் வணிகத்தில் முன்னோடியான ‘எம்பி’ நிறுவனத்தைத் தொடங்கியவர், ரிவர்சைட் நகரில் வொக்ஸ்வாகன் விற்ற ஜோ விட்டோன் என்பவர். வால்வை நேராக நகரவைக்கும் குழலான வால்வு கைடு தேய்ந்துபோன எஞ்சின் தலைகளுக்கு மாற்றுக் கைடு கிடைக்காததால், அவர் தாமே அதைச் செய்து விற்கத் தொடங்கினார். ஆக, பெரிய நாகரிகமொன்றின் வேரில் ஒரு பழுதுபார்ப்பவரின் தலைவலி இருந்திருக்கிறது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கிடைக்காத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுத்த எங்கள் கொழும்பு மெக்கானிக்குகளுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

இனி உங்கள் காரைப் பார்ப்போம். தாழ்த்துவதில் எனக்கு மறுப்பில்லை, வெட்டுவதில்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் சுருள்வில்லுக்குப் பதிலாக வேலை செய்யும் முறுக்குத் தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் இருக்கின்றன. உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை திரும்பும். வெளிமுனையில் எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் 8 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒரு பாகைக்கும் குறைவான நுணுக்கத்தில் பின்பக்கத்தின் உயரத்தை மாற்றலாம், விரும்பாதபோது பழையபடி வைக்கலாம். எதையும் வெட்டத் தேவையில்லை. ஆனால் முன்பக்கத்தில் உயரத்தைச் சரிசெய்யும் கருவியைப் பொருத்துவதற்கு, முன் அச்சாகக் குறுக்கே ஓடும் இரண்டு குழாய்களையும் நடுவில் வெட்டிப் பற்றவைத்து ஒட்டவேண்டும். அந்த வேலையை உங்கள் காரின் சொந்த அச்சில் செய்ய விடாதீர்கள். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பின் பஞ்சிகாவத்தையில் தேடி இன்னொரு முன் அச்சு வாங்கி அதில் செய்யச் சொல்லி, அசலுக்குக் கிரீஸ் பூசி அறையில் வைத்துவிடுங்கள்.

1963ஆம் ஆண்டு காரின் பின் அச்சு, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே பின்பக்கத்தை எவ்வளவு தாழ்த்துகிறீர்களோ அவ்வளவுக்குச் சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு விரைவாகத் தேயும். அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். குரோம் பட்டிகளைக் கழற்றட்டும், ஆனால் துளைகளை அடைக்க வேண்டாம். பம்பர் மட்டும் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்: கலிபோர்னியாவின் பந்தயப் பாதையில் பின்னால் முச்சக்கர வண்டி வருவதில்லை, கொழும்பின் காலி வீதியில் வருகிறது.

கேள்வி: எஞ்சின் மூடியைச் சிறிது திறந்தபடி நிறுத்துவதற்குச் சிறு தாங்கிகள் விற்கிறார்கள். பார்ப்பதற்கும் மிடுக்காக இருக்கிறது, எஞ்சினும் குளிரும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மிடுக்கு உங்கள் ரசனை. குளிர்ச்சி பற்றிய பாதிதான் என் பொறுப்பு, அதை நான் நம்பவில்லை. பீட்டிலில் டைனமோவின் அச்சிலேயே விசிறி பொருத்தப்பட்டிருக்கிறது. பின்கண்ணாடியின் கீழேயுள்ள துளைகள் வழியாக அது குளிர்ந்த காற்றை இழுத்துத் தகரக் கூட்டுக்குள் அழுத்தி, நான்கு சிலிண்டர்களின் மீதும் செலுத்துகிறது. சூடேறிய காற்று அடியால் வெளியேறுகிறது. மேலே குளிர், கீழே சூடு என்ற இந்தப் பிரிவினையைக் காப்பவை எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் அவற்றின் விளிம்பிலுள்ள இறப்பர் பட்டியும் ஆகும். மூடியின் கீழ்விளிம்பைத் திறந்துவிட்டால், சைலன்சரின் பக்கத்திலிருந்து எழும் சூடான காற்றையும் விசிறி உள்ளே இழுக்க வழி ஏற்படுகிறது. கூடுதல் காற்று தேவையென்று கருதினால், மடக்குக் கூரைக் கார்களுக்குத் தொழிற்சாலையே செய்ததைப் போன்ற துளையிட்ட மூடியைத் தேடிப் பொருத்துங்கள்.

நான் இதை அனுபவித்தே கற்றேன். இளமையில், எஞ்சின் அறை ‘சுத்தமாக’த் தெரியவேண்டும் என்று பக்கத் தகடுகளையும் இறப்பர் பட்டியையும் எடுத்துவிட்டு, சிலவற்றுக்குக் குரோம் முலாம் வேறு பூசிவித்து, கண்டிக்குப் புறப்பட்டேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றது. திரும்பி வந்தது லொறியில். குரோம் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: 1983 ஜூலையில் எங்கள் வீட்டோடு அப்பாவின் பீட்டிலும் எரிக்கப்பட்டது. உறவினர் வீட்டிலிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதைப் போன்ற ஒரு காரை வாங்கி, அதே மாதிரியாக்க ஆசைப்படுகிறேன். எந்த ஆண்டுக் கார் என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பா அதில் பல மாற்றங்கள் செய்திருந்தார். அவற்றையும் செய்யவேண்டுமா, அல்லது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி வைத்திருப்பதுதான் முறையா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, முதலில் புகைப்படத்தை உருப்பெருக்கிப் பாருங்கள். காரின் பின்புறம் தெரிந்தால் வேலை எளிது: பின்கண்ணாடி நடுவில் பிளவுபட்டிருந்தால் 1953இன் தொடக்கத்துக்கு முந்தியது, முட்டை வடிவமென்றால் 1953 முதல் 1957 வரையானது, அகலமான செவ்வகமென்றால் அதற்குப் பிந்தியது. முன்புறம் மட்டும் தெரிந்தால், முகப்பு விளக்கின் கண்ணாடி மட்கார்டின் சரிவோடு சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கார்களில் அது நிமிர்ந்தது 1967 ஓகஸ்டுக்குப் பிறகு. முன்கண்ணாடி சற்றே வளைந்து பெரிதாகத் தெரிந்தால், 1964 ஓகஸ்டுக்குப் பிந்தைய உற்பத்தியாக இருக்கும். இலக்கத்தகடும் சாட்சி சொல்லும்: ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பழைய பதிவு. சிங்கள ஸ்ரீ இருந்தால் 1957 தொடக்கம் வந்தது. அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து அதன் மீது தார் பூசிய காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காரின் வயதைக் கணிக்க அந்தத் தகராறு பயன்படும் என்று அன்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் தயக்கமின்றி ஒரு பக்கம் நிற்பேன். அப்பா வைத்திருந்தபடியே செய்யுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் மாற்றங்களைப் பாருங்கள்: கூரைமேல் சாமான் தாங்கி, மேல்விளிம்பில் கீல் வைத்து வெளிப்புறமாகத் திறக்கும் முன்கண்ணாடி, உள்ளூரில் தைத்த ரெக்சின் இருக்கை உறை, வேறொரு வாகனத்திலிருந்து எடுத்துப் பொருத்திய மஞ்சள் மூடுபனி விளக்கு. திறக்கும் முன்கண்ணாடி வெப்பநாடுகளில் பெயர் பெற்ற ‘சஃபாரி’ வகையாகும்; குளிர்சாதனம் இல்லாத காருக்குள் அது தந்த காற்றை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இன்று வெளிநாட்டு ஆர்வலர்கள் இதே பொருட்களைப் பெரும் விலை கொடுத்துத் தேடி, தாழ்த்திய காரில் பொருத்தி, அதற்கென ஒரு பாணிப்பெயரும் வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவோ யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஏற்றவும், நுவரெலியாப் பனியில் வீதியைக் காணவும், வியர்வையிலிருந்து தப்பவும் அவற்றைப் பொருத்தினார். தொழிற்சாலைப் பட்டியலைப் பார்த்து அவற்றையெல்லாம் நீக்கினால், கண்காட்சியில் புள்ளிகள் கிடைக்கலாம். ஆனால் அது வேறொருவருடைய காராக இருக்கும்.

நிறத்தை மட்டும் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஊகிக்க வேண்டாம். வயதில் மூத்த உறவினர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் உரத்துப் பேசுபவரின் நிறமே வெல்லும். பழைய இலக்கத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாமே தவிர காரில் மாட்டக்கூடாது. வாங்கும் காரின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: துருவையும் உரிந்த பெயின்டையும் அப்படியே விட்டு, மேலே பளபளப்புத் திரவம் மட்டும் பூசுவது இப்போது பிரபலமாகியிருக்கிறது. என் காரும் நன்றாகத் துருப்பிடித்திருக்கிறது. செலவு மிச்சம்தானே?
– வாசகர், தெகிவளை

பதில்: வறண்ட பாலைவனத்தில் துரு மேற்பரப்போடு நின்றுவிடும், தெகிவளைக் கடற்காற்றில் அது உறங்குவதில்லை. பீட்டிலில் கதவுகளின் அடியில் ஓடும் பெட்டிக் குழாய்கள் காரின் முதுகெலும்புக்குத் துணையான பாகங்கள், துரு முதலில் அங்கேதான் உள்ளிருந்து தின்னும். திருகாணி முடுக்கியால் அவற்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உங்களுக்குத் தேவைப்படுபவர் டிங்கர் வேலைக்காரர். பளபளப்புத் திரவத்தின் விலையை அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: போர்ஷேயின் ஐந்து இதழ் ‘ஃபூக்ஸ்’ சக்கரங்களை என் 1965 பீட்டிலில் பொருத்த முடியுமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: நேரடியாக முடியாது. இரண்டிலும் ஐந்து துளைகள் இருந்தாலும், உங்கள் காரில் அவை 205 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்திலும் போர்ஷேயில் 130 மில்லிமீற்றர் வட்டத்திலும் அமைந்திருக்கின்றன. பிரேக் டிரம்மை மாற்றவேண்டும். இணைப்புத் தட்டுகளும் விற்கிறார்கள், ஆனால் அவை சக்கரத்தை வெளியே தள்ளி மட்கார்டில் உரசவைக்கும். அசல் இரும்புச் சக்கரத்துக்கு இரண்டு நிறம் பூசிக் கிண்ண மூடியைப் பளபளப்பாக்கினாலே என் கண்ணுக்குப் போதும்.

கேள்வி: 1200 எஞ்சினைக் கழற்றிவிட்டு 1776 கன சென்ரிமீற்றராக்கிய எஞ்சினைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்து?
– வாசகர், மருதானை

பதில்: 69 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள (அதாவது பிஸ்டன் அவ்வளவு தூரம் நகரும்) 1600 எஞ்சினில் 90.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன்களைப் பொருத்தினால் வரும் கொள்ளளவு அது. நன்கு பரீட்சிக்கப்பட்ட சேர்க்கை. உடலை மாற்றாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்கி, பார்வைக்குச் சாதுவாக வைத்திருப்பதும் ஒரு பாணிதான், எனக்குப் பிடித்தமானதும் அதுவே. ஆனால் இரண்டு விடயங்கள் உண்டு. பழைய விசிறிக் கூட்டில் ஒயில் குளிரூட்டி கூட்டின் உள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைக்கிறது. 1971ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் அதனைப் பின்னே தள்ளித் தனிக் கூண்டில் வைத்தார்கள். பெரிய எஞ்சினுக்கு அந்தப் பிந்தைய கூட்டையே பயன்படுத்துங்கள். மற்றது, பிரேக்கையும் பெற்றோல் குழாய்களையும் முதலில் புதுப்பியுங்கள். வெடித்த இறப்பர்க் குழாயிலிருந்து சொட்டும் பெற்றோல் சூடான எஞ்சினின் மேல் விழுந்து எரிந்த பீட்டில்கள் கொஞ்சமல்ல. 2022இல் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் பெற்றோல் வாங்கிய நாட்களை நினைத்துக்கொண்டு, இரட்டைக் கார்புரேட்டர் வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவிலும் மாற்றம் தேவை.

கேள்வி: எங்கள் பழைய காரில் திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கை நீளும். பேரப்பிள்ளைகள் நான் கதை விடுவதாகச் சொல்கிறார்கள். இப்போது அவர்களின் அப்பா அந்தக் காரைத் திருத்துகிறார். அந்தக் கையை மீண்டும் இயங்கவைக்கலாமா?
– பாட்டி ஒருவர், வத்தளை

பதில்: நீங்கள் விடுவது கதையல்ல. ஐரோப்பியச் சந்தைக்கான பீட்டில்களில் 1960 வரை அந்தக் கைகாட்டிதான் இருந்தது. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஒரு சிறு இரும்புத் தண்டு இழுக்கப்பட்டுக் கை நிமிரும். மின்சாரம் நின்றால் தன் எடையாலேயே மடங்கும். பெரும்பாலும் கீலில் தூசியும் காய்ந்த ஒயிலும் இறுகியிருப்பதே பழுதுக்குக் காரணம். கழற்றிச் சுத்தம் செய்து ஒரு துளி மெல்லிய ஒயில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கார் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், சுருள் எரியாமலிருக்க இடையில் மின்தடையொன்று வைக்கவேண்டும். அத்தோடு முன்னும் பின்னும் மின்னும் விளக்குகளையும் கட்டாயம் பொருத்தச் சொல்லுங்கள்: இன்றைய கொழும்புச் சாரதி அந்தக் கையைக் கண்டால் வியந்து பார்ப்பாரே தவிர, நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைக்கமாட்டார்.